382 படிகள்... சாந்து இல்லாத சுவர்... இத்தாலி மலையுச்சி ஊரில் ஒரு கொத்தனார் அப்பா!

ரயிலைவிட்டு இறங்கியதும் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் மலையைப் பார்த்தார்.

"ஊர் எங்கே பாப்பா?"

மகள் அண்ணாந்து கை காட்டினாள். தலைக்கு மேலே, செங்குத்தாக எழும்பிய பாறையின் உச்சியில், மஞ்சளும் இளஞ்சிவப்புமாக வீடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன.

"அங்கேயா? அவ்வளவு உசரத்துக்குக் கல்லை எப்படி ஏத்தினாங்க?"

38 வருடங்கள் கொத்தனார் வேலை பார்த்தவருக்கு முதலில் வந்த கேள்வி அதுதான்.

அவருக்கு வயது 61. திருச்சிக்கு அருகே ஒரு கிராமம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, கையாளாகச் சேர்ந்து, கலவை தூக்கி, பிறகு கரணை பிடித்தவர். மகளுக்கு 25. ஊரில் சிவில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, மிலான் நகரில் மேல்படிப்பு. இத்தாலியில் குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுத்து மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறார்கள். கொத்தனார் வீட்டுப் பெண்ணுக்கு அது கிடைத்தது. அந்த வாரம்தான் பட்டமும் கிடைத்தது.

பட்டம் வாங்கும் நாளில் அங்கே மாணவர்களின் தலையில் லாரல் இலைகளால் கட்டிய வளையத்தைச் சூட்டுவார்கள். பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலைக்கு அது சொந்தக்காரச் செடி. வீடியோ காலில் பார்த்த அம்மா, "என்னடி இது, தலையில பிரிஞ்சி இலையைக் கட்டி வெச்சிருக்காங்க?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அப்பா அழவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பிடித்து, மண்டபத்தின் மேற்கூரையை அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

விழா முடிந்ததும் மகள் கேட்டாள். "எங்கேப்பா போகலாம்? வெனிஸா, பைசா கோபுரமா?"

"சாஞ்ச கட்டடத்தைப் பாக்க இம்புட்டு தூரம் வரணுமா? நீ எதைப் பார்த்து அசந்து போனியோ அதைக் காட்டு."

அப்படித்தான் அவர்கள் கோர்னீலியாவுக்கு வந்தார்கள்.

"பஸ் வேண்டாம், படியிலேயே போவோம்"

இத்தாலியின் வடமேற்குக் கரையில் லிகூரியா என்று ஒரு மாநிலம். அங்கே மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. நடுவில் சமதரை என்று ஒன்று கிடையாது. அந்தச் சரிவில் வரிசையாக ஐந்து ஊர்கள்: மோன்தெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கோர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே. ஐந்தையும் சேர்த்து 'சிங்க்வே தேர்ரே' என்கிறார்கள். 'ஐந்து நிலங்கள்' என்று அர்த்தம். 1997-ல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1999-ல் இது தேசியப் பூங்காவும் ஆனது.

மற்ற நான்கு ஊர்களும் கடலைத் தொட்டுக்கொண்டு இருக்கின்றன. நடுவில் இருக்கும் கோர்னீலியா மட்டும் கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில், பாறையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. துறைமுகம் கிடையாது. மற்ற ஊர்களுக்குப் போகும் பயணிகள் படகு இங்கே நிற்பதில்லை. ரயில் நிலையமோ கீழே, கடலோரத்தில். அங்கிருந்து ஊருக்குள் போக இரண்டு வழி. ஒன்று, சின்ன பஸ். இன்னொன்று, 'லார்தரீனா' என்ற செங்கல் படிக்கட்டு. 33 மடிப்புகள், 382 படிகள்.

அப்பாவுக்கு வலது முழங்காலில் தேய்மானம். சாரத்தில் ஏறி இறங்கி வந்த வினை. மகள் பஸ்ஸுக்கான வரிசையில் போய் நின்றாள்.

"எதுக்கு பஸ்? படியிலேயே போவோம்."

"முட்டி வலிக்கும்ப்பா."

"உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க ஏறுற காலுதானே. வா."

ஏறினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார்கள். மூச்சு வாங்கத்தான் நின்றார். ஆனால் மகள் பார்க்கும்போதெல்லாம் செங்கல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். முதுகில் மூட்டை சுமந்த ஜெர்மன் பாட்டி ஒருவர் அவர்களைத் தாண்டிப் போனார். பதினைந்தாவது திருப்பத்தில் அந்தப் பாட்டி மூச்சு வாங்க நிற்க, இவர்கள் தாண்டினார்கள். இருபத்தைந்தாவதில் மறுபடியும் பாட்டி. மேலே போய்ச் சேர்ந்தபோது மூன்று பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

சந்து, கோயில், காற்று

கோர்னீலியாவில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சுமார் 200 பேர்தான். வருடம் முழுக்க இந்த ஐந்து ஊர்களைப் பார்க்க வருபவர்களோ லட்சக்கணக்கில். அக்டோபர் மாதம் என்பதால் கூட்டம் கொஞ்சம் குறைந்திருந்தது. அப்படியும், இரண்டு பேர் கை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தொடும் அளவிலான சந்துகளில் பத்துப் பதினைந்து பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

சந்தின் ஒரு ஜன்னலில் துவைத்த துணி காய்ந்தது. அதையும் படம் எடுத்தார்கள். உள்ளேயிருந்து ஒரு கை வந்து ஜன்னல் கதவைச் சாத்தியது.

"ஊர் சின்னதா இருந்தா, வர்றவங்க அடுப்படி வரைக்கும் வந்துடுறாங்க" என்றார் அப்பா.

1334-ல் கட்டப்பட்ட சான் பியெத்ரோ தேவாலயத்தின் முன்னால் அவர் கொஞ்ச நேரம் நின்றார். நெற்றியில் வட்டமாக ஒரு ரோஜா ஜன்னல். வெள்ளைக் கரரா சலவைக்கல்லில் சக்கரம்போல் செதுக்கியது. பக்கத்துச் சுவர் கரடுமுரடான கல். வட்டத்தில் ஓர் ஆரம்கூடப் பிசகவில்லை. "இதைச் செஞ்சவன் வீட்டுக்குப் போயும் இதையேதான் நெனச்சுக்கிட்டுப் படுத்திருப்பான்" என்றார்.

கொண்டைக்கடலை மாவில் சுட்ட 'ஃபரினாத்தா' என்ற தட்டையான அடை சாப்பிட்டார்கள். உப்பு, மிளகு, ஆலிவ் எண்ணெய். வேறு எதுவும் இல்லை. "ஒரு பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டிருந்தா எங்கேயோ போயிருக்கும்" என்பது அப்பாவின் தீர்ப்பு. ஆனால் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினார்.

ஊரின் பிரதானச் சந்து ஒரு திறந்தவெளி மேடையில் போய் முடிகிறது. பெயர் சாந்தா மரியா. மூன்று பக்கம் மலையும் திராட்சைத் தோட்டமும் சூழ்ந்த ஊருக்கு, இது நான்காவது பக்கம். கைப்பிடிச் சுவர், அதற்கு அந்தப்பக்கம் வெறும் காற்று, நூறு மீட்டர் கீழே கடல். வருபவர்கள் எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மகளும் அப்பாவை நிற்கவைத்தாள். அவர் கண் கேமராவில் நிற்கவில்லை. மகளின் தோளுக்கு மேலே, மலைச்சரிவில் வரிவரியாகப் போகும் கோடுகளைப் பார்த்தார்.

"அது என்ன, மலை பூராவும் படி படியா?"

"அதைக் காட்டத்தான்ப்பா கூட்டிட்டு வந்தேன்."

சாந்து எங்கே?

ஊருக்குப் பின்னால், வொலாஸ்த்ரா என்ற இன்னும் உயரமான கிராமத்துக்கு ஒரு நடைபாதை ஏறுகிறது. திராட்சைத் தோட்டங்களின் நடுவே போகும் பாதை. முழுவதும் ஏறப் போவதில்லை, கொஞ்ச தூரம்தான் என்று மகள் சத்தியம் செய்த பிறகு அப்பா வந்தார். இந்த மலைப்பாதைகளுக்கு நல்ல பிடிமானமுள்ள ஷூ அவசியம். ரப்பர் செருப்போடு வந்து வழுக்கி விழுபவர்கள் அதிகமானதால், 50 முதல் 2,500 யூரோ வரை அபராதம் என்று 2019-ல் பூங்கா நிர்வாகம் எச்சரித்தது. அப்பாவின் காலில் விழாவுக்காக மகள் வாங்கித் தந்த புது ஷூ. கடித்தது. சொல்லவில்லை.

பாதையின் இடப்பக்கம் இடுப்புயரச் சுவர் ஒன்று. அதற்கு மேலே ஒரு முழத் திட்டில் திராட்சைக் கொடி. அதற்குப் பின்னால் அடுத்த சுவர். அதற்கு மேலே அடுத்த திட்டு. மலையின் இடுப்பிலிருந்து உச்சிவரை அப்படியே.

அப்பா முதல் சுவரில் கை வைத்தார். கல் இடுக்கில் விரலை விட்டார். விரல் உள்ளே போனது. இன்னோர் இடுக்கு. அங்கேயும் போனது.

"பாப்பா, சாந்து எங்கே?"

"கிடையாதுப்பா."

"கிடையாதுன்னா? மண் சாந்தாவது இருக்கணுமே."

"எதுவுமே இல்லை. வெறும் கல்லு. ஒண்ணுமேல ஒண்ணு."

அவர் உட்கார்ந்துவிட்டார். முட்டி வலியால் அல்ல.

சுமார் ஆயிரம் ஆண்டுகளாக இந்த மலையில் மனிதர்கள் செய்துவரும் வேலை இது. பயிர் வைக்கச் சமதரை இல்லை. அதனால் மலையை வெட்டி, வெட்டியபோது கிடைத்த மணற்கல்லையே அடுக்கிச் சுவராக்கி, அதன் பின்னால் மண்ணை நிரப்பித் தரையை உண்டாக்கினார்கள். இந்தச் சுவர்களின் மொத்த நீளம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். நாம் படத்தில் பார்த்து வியக்கும் சிங்க்வே தேர்ரே, இயற்கை தந்த அழகு மட்டும் இல்லை. அதில் பாதி, கையால் அடுக்கியது. உலர்கல் சுவர் கட்டும் இந்தக் கலையை 2018-ல் யுனெஸ்கோ தனியாகவும் அங்கீகரித்தது. அப்போது இத்தாலி உட்பட எட்டு ஐரோப்பிய நாடுகளின் பொதுவான மரபாக அது பதிவானது.

"சிமென்ட் வெச்சா இன்னும் பலமா நிக்காதா?" மகள் வேண்டுமென்றே கேட்டாள். விடை அவளுக்குத் தெரியும். அதை வகுப்பில் கணக்குப் போட்டே படித்திருக்கிறாள்.

அப்பா சுவரையே பார்த்தார். நாலு விரலால் மண்ணைத் தொட்டு முகர்ந்தார். பிறகு சொன்னார்.

"நிக்காது. மழை பெஞ்சா பின்னால மண்ணு தண்ணியைக் குடிச்சு ஊதும். சிமென்ட் போட்டுப் பூசிட்டா தண்ணி எங்கே போகும்? சுவரைத் தள்ளும். அதுக்குத்தான் நாம மண்ணைத் தாங்குற சுவர்ல பைப்பு வெச்சு ஓட்டை விடுறோம். இதுல சுவரே ஓட்டையாத்தான் இருக்கு. தண்ணி போயிடும், கல்லு நிக்கும்."

கொஞ்சம் நிறுத்தி, "பாரு, நேரா நிக்கலை. மலைப்பக்கமா சாஞ்சிருக்கு. தூக்குக்குண்டு பார்க்காமலே சாய்ச்சிருக்கான்" என்றார்.

மகள் மூன்று பக்கத்துக்கு எழுதிய விடை அது. அவள் அதைச் சொல்லவில்லை. "ஆமாம்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

வயிறு தள்ளிய சுவர்

இன்னும் கொஞ்சம் மேலே போனதும் காட்சி மாறியது. கொடிகள் இல்லை. முள்ளும் புதரும். சுவர் ஓரிடத்தில் முன்னால் புடைத்திருந்தது. அடுத்த இடத்தில் கல் சரிந்து, பின்னாலிருந்த மண் பாதைக்கு வழிந்திருந்தது.

"வயிறு தள்ளியிருக்கு. இது இந்த மழைக்கே போயிடும். ஏன் யாரும் பாக்கலை?"

பார்க்க ஆள் இல்லை என்பதுதான் பதில்.

இந்தச் சரிவுகளில் டிராக்டர் ஏறாது. திராட்சைக் கொடியைக் காற்றுக்குப் பயந்து தாழ்வான பந்தலில் விடுவார்கள். அறுவடைக்குக் குனிந்தோ தவழ்ந்தோ போக வேண்டும். திராட்சைக் கூடையைத் தோளில் சுமந்த காலம் போய், பிறகு சில இடங்களில் ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் பிடித்து ஏறும் சின்ன வண்டி வந்தது. அவ்வளவுதான் இயந்திரம். மீதி எல்லாம் கையும் முதுகும். இங்கே விளையும் திராட்சையை மாதக்கணக்கில் நிழலில் காயவைத்து 'ஷாக்கெத்ரா' என்ற இனிப்பு வைன் செய்கிறார்கள். பழம் வற்றிச் சுருங்கிவிடுவதால் கூடை கூடையாகப் போட்டாலும் கொஞ்சம்தான் தேறும்.

கோர்னீலியாவின் வைனுக்கு ஒரு காலத்தில் பெரிய பெயர். 14-ஆம் நூற்றாண்டில் பொக்காச்சியோ எழுதிய 'டெக்கமரான்' கதைகளில், வயிற்றுவலிக்காரத் துறவி ஒருவருக்கு மருந்தாகக் கொடுப்பது இரண்டு துண்டு வாட்டிய ரொட்டியும் ஒரு குவளை கோர்னீலியா வைனும்தான். அவ்வளவு பெயர் பெற்ற தோட்டங்கள் எப்படிப் புதராயின?

பக்கத்து நகரம் லா ஸ்பெட்சியாவில் 1860-களில் பெரிய கடற்படைத் தளம் எழும்பியது. 1874-ல் இந்தக் கரையோரம் ரயில் வந்தது. மலையில் கல் அடுக்கியவர்களின் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் முதல்முறையாகக் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. முதலில் சிலர் போனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிறையப் பேர் போனார்கள். திட்டுகள் ஒவ்வொன்றாகத் தரிசாயின.

உலர்கல் சுவருக்கு ஒரு குணம் உண்டு. கட்டி முடித்துவிட்டுப் போய்விட முடியாது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் யாராவது வந்து பார்த்து, விழுந்த கல்லை எடுத்து வைக்க வேண்டும். வேர் விட்ட செடியைப் பிடுங்க வேண்டும். கிழங்கு தேடி வரும் காட்டுப்பன்றி தள்ளிவிட்ட கல்லைத் திரும்ப அடுக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் ஒரு கல் பத்தாகும். ஒரு திட்டு சரிந்தால் கீழே உள்ள திட்டின்மேல் விழும்.

2011 அக்டோபர் 25 அன்று சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த மழையில் வெர்னாட்சாவும் மோன்தெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன. தெருக்களில் கடைகளின் வாசல் மறையும் அளவுக்குச் சேறும் கல்லும். உயிர்களும் போயின. மறு ஆண்டு செப்டம்பரில், ரியோமஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் புகழ்பெற்ற 'காதல் பாதை'யில் பாறை சரிந்து நான்கு சுற்றுலாப் பயணிகள் காயமடைந்தார்கள். அந்தப் பாதை முழுமையாகத் திரும்பத் திறக்கப்பட்டது 2024-ல்தான். ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத பாதைக்குப் பன்னிரண்டு வருடங்கள்.

"நான்தான் போகச் சொன்னேன்"

பாதையின் அடுத்த வளைவில் கல்லும் கல்லும் உரசும் சத்தம் கேட்டது. எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் சரிந்த சுவரைச் சரிசெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சுத்தியல், ஒரு கடப்பாரை, இரண்டு குவியலாகக் கல். பெரிய கல் ஒரு பக்கம், சில்லு ஒரு பக்கம்.

அப்பா நின்றார். பெரியவர் நிமிர்ந்து பார்த்து, சுற்றுலாப் பயணிகளைப் பார்க்கும் வழக்கமான பார்வையோடு தலையசைத்துவிட்டு மறுபடி குனிந்தார். அப்பா நகரவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. பெரியவர் ஒரு கல்லை எடுத்தார், வைத்தார், பிடிக்கவில்லை, எடுத்தார், திருப்பினார். அப்போது அப்பாவின் கை தன்னையறியாமல் கீழே கிடந்த வேறொரு கல்லைக் காட்டியது.

பெரியவர் அந்தக் கல்லைப் பார்த்தார். எடுத்து வைத்தார். உட்கார்ந்தது.

பிறகுதான் அவர் அப்பாவின் உள்ளங்கையைப் பார்த்தார். சுண்ணாம்பும் சிமென்ட்டும் தின்ற கை எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"முரத்தோரே?" என்றார்.

"கொத்தனாரான்னு கேக்குறாருப்பா."

"ஆமான்னு சொல்லு. 38 வருஷம்னு சொல்லு."

மகள் சொன்னாள். பெரியவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

அடுத்த அரை மணி நேரம் மகள் மொழிபெயர்க்கத் தேவையே வரவில்லை. அப்பா ஒரு கல்லை நீளவாட்டில், சுவரின் முகத்தோடு ஒட்டினாற்போல் வைத்தார். பார்க்க அழகாக இருந்தது. பெரியவர் விரலை ஆட்டினார். அதை எடுத்து, நீளம் முழுவதும் உள்ளே போகும்படி திருப்பி, வெளியே சின்ன முகம் மட்டும் தெரிய வைத்தார். பின்னால் சில்லுகளைப் போட்டுக் கையாலேயே குத்தி இறுக்கினார்.

அப்பாவுக்குப் புரிந்தது. "வெளியே எவ்வளவு தெரியுதுங்கிறது முக்கியமில்லை பாப்பா. உள்ளே எவ்வளவு இருக்குங்கிறதுதான் கணக்கு" என்று மகளிடம் சொன்னார். 61 வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்ட சந்தோஷம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது அப்பா கேட்டார். "இந்த வயசுல தனியா செய்யுறாரே, பசங்க இல்லையான்னு கேளு."

மகள் கேட்டாள். பெரியவர் கடலோரமாகத் தெற்கே கை காட்டினார். லா ஸ்பெட்சியா. மகன் அங்கே வேலையில் இருக்கிறார். மகள் ஜெனோவாவில். அறுவடைக்கு இரண்டு நாள் வருவார்கள். சுவர் வேலைக்கு நேரம் இருக்காது.

"வருத்தம் இல்லையான்னு கேளு."

மகள் அப்பாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு கேட்டாள். பெரியவர் சிரித்தார். இரண்டு வாக்கியம் சொன்னார். மகள் உடனே மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்றாரு?"

"அவங்க விட்டுட்டுப் போகலை, நான்தான் போகச் சொன்னேன்... என் முதுகு அவங்களுக்கு வேண்டாம்னு சொன்னேன்னு சொல்றாருப்பா."

அப்பா பதில் பேசவில்லை. ஒரு சில்லை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார்.

மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது, ஒரு விடுமுறை நாளில் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு வந்து, விளையாட்டாகக் கரணையை எடுத்துச் சுவரில் கலவை அப்பினாள். அப்பா கரணையைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவள் கையைத் தண்ணீரில் கழுவிவிட்டார். "இதைத் தொடக் கூடாது. உனக்குப் பேனாதான்" என்றார். அதை அவள் மறக்கவில்லை. அவரும் மறக்கவில்லை என்று இப்போது தெரிந்தது.

மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி

திருச்சியிலிருந்து அப்பா ஒரு கேள்வியைக் கொண்டுவந்திருந்தார். மகளுக்கு மிலானில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் சேர வேண்டும். "எப்போ திரும்பி வருவே?" என்று கேட்டுவிட்டு வரச் சொல்லித்தான் அம்மா விமானம் ஏற்றியிருந்தாள். நான்கு நாள்களாக அவர் கேட்கவில்லை.

ஊரில் அவர் கட்டிய சொந்த வீடு தரைத்தளத்தோடு நிற்கிறது. மொட்டை மாடியில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மேல்மாடி மகளுக்கு என்று விட்ட கம்பி. துருப்பிடிக்காமல் இருக்க வருடா வருடம் சிமென்ட் பால் பூசிவருகிறார்.

சாயங்காலம் அந்த 382 படிகளில் இறங்கினார்கள். ஏறுவதைவிட இறங்குவது முட்டிக்குக் கஷ்டம். அப்பா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். கீழே கடலில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் எல்லோரும் நின்று படம் எடுத்தார்கள். இவர்கள் நிற்கவில்லை, நின்றால் மறுபடி முட்டி மடங்காது.

"அந்தச் சுவரையெல்லாம் அப்புறம் யாருதான் பாப்பா பாப்பாங்க?"

மகள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். 2019-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இங்கே ஒரு திட்டம் தொடங்கியது. பக்கத்து ஊரான மனரோலாவில் இடிந்த சுவர்களைத் திரும்பக் கட்டினார்கள். வெளியாள்களுக்கும் இந்த வேலையைச் சொல்லித் தந்தார்கள். பருவநிலை மாறி மழை மூர்க்கமாகிவரும் காலத்தில், மலையைப் பிடித்துவைக்கப் பழைய சுவரே நல்ல வழி என்று கண்டிருக்கிறார்கள். மலை முழுவதுக்கும் அது போதாது. ஆனாலும் கல்லை எடுத்துவைக்க ஆள் வந்திருக்கிறது.

"சொந்தப் பிள்ளைதான் வரணும்னு இல்லை" என்றார் அப்பா. "கத்துக்கிட்டவன் வந்தாப் போதும்."

பத்துப் பன்னிரண்டு படிகள் அமைதியாக இறங்கினார்கள்.

"அந்த மாடிக் கம்பி இருக்குல்ல..." என்று ஆரம்பித்தார். "வருஷா வருஷம் பூசுறது வீண் செலவுன்னு உங்கம்மா சொல்றா. அறுத்துடவா?"

மகள் நின்றாள். பின்னால் வந்த ஒரு குடும்பம் அவர்களைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனது. அப்பா கேட்டது கம்பியைப் பற்றி அல்ல என்று அவளுக்குத் தெரியும். எப்போது வருவேன் என்று அவளுக்கே தெரியாது. தெரியாததைச் சொல்லி அவரை ஏமாற்றவும் மனம் வரவில்லை.

"அறுக்காதேப்பா" என்றாள். "எப்போன்னு தெரியலை. ஆனா அறுக்காதே."

"சரி" என்றார் அப்பா. குரலில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. அளவெடுத்து முடித்த கொத்தனாரின் 'சரி' அது.

கீழே ரயில் நிலையத்தில் அந்த ஜெர்மன் பாட்டி பெஞ்சில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். அப்பா ஷூவைக் கழற்றினார். குதிகாலில் கொப்புளம். மகள் பையில் பிளாஸ்திரி தேடினாள்.

"காலையிலேயே சொல்றதுக்கென்னப்பா?"

"நீ வாங்கிக் குடுத்த ஷூ ஆச்சே" என்றார். பிறகு அண்ணாந்து பார்த்தார். மேலே பாறையின் தலையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன. ஊருக்குப் பின்னால் இருந்த மலை இருட்டில் கரைந்துவிட்டது. சுவர்கள் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

ரயில் வரும் சத்தம் சுரங்கத்துக்குள் கேட்டது. அப்பா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அம்மாவை அழைத்தார்.

"கேட்டீங்களா?" என்றுதான் அம்மா ஆரம்பித்தாள்.

"கேட்டேன், கேட்டேன்" என்றார் அப்பா. "இந்த மழை முடிஞ்சதும் மேலே போய் கம்பிக்கு இன்னொரு பூச்சு பூசணும். நீ ஒரு மூட்டை சிமென்ட் சொல்லி வெச்சுடு."